நூறு என்பது யாருடைய சராசரி?

1995-இல் பிரிட்டனிலும் அயர்லாந்திலும், 25 வாரக் கர்ப்பத்திலோ அதற்கும் முன்போ பிறந்துவிட்ட குழந்தைகளை ஒரு மருத்துவக் குழு ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தது. எபிக்யூர் என்பது அந்த ஆய்வின் பெயர். பிழைத்த பிள்ளைகளில் 241 பேருக்கு ஆறு வயது கடந்ததும் அறிவுத்திறன் தேர்வு வைத்தார்கள். தேர்வோடு வரும் அட்டவணைப்படி பார்த்தால், அவர்களில் 21 விழுக்காட்டினர் குறைபாட்டுக் கோட்டுக்குக் கீழே இருந்தனர். பிறகு, இவர்களோடு ஒரே வகுப்பில் படிக்கும், நிறைமாதத்தில் பிறந்த 160 பிள்ளைகளுக்கும் அதே தேர்வை வைத்து, அந்த வகுப்புத் தோழர்களின் சராசரியிலிருந்து கோட்டை வரைந்து பார்த்தார்கள். இப்போது 41 விழுக்காடு.

பிள்ளைகள் அதே பிள்ளைகள். ஒரு மதிப்பெண்கூட மாறவில்லை. எதோடு ஒப்பிட்டார்கள் என்பது மட்டும் மாறியது. அந்தத் தேர்வு 1983-இல் அமெரிக்காவில் வெளியானது. அதில் 100 என்று குறித்திருக்கும் சராசரி அக்காலத்து அமெரிக்கப் பிள்ளைகளிடமிருந்து எடுத்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, கடலுக்கு அப்பால் வேறொரு நாட்டுப் பள்ளியில் படிக்கும் சாதாரணப் பிள்ளை அதே தேர்வில் 100-ஐத் தாண்டி வாங்கினால் வியப்பதற்கில்லை. அப்படித்தான் வாங்கினார்கள். ஆகவே பழைய 100-இலிருந்து கீழே அளந்தபோது, வகுப்பில் உண்மையில் திணறிக்கொண்டிருந்த பிள்ளைகளில் பாதிப் பேர் 'பரவாயில்லை' என்ற பக்கத்தில் விழுந்துவிட்டார்கள். சிறப்பாசிரியர் எத்தனை பேர் தேவை, எத்தனை குடும்பங்களுக்கு உதவி தேவை என்று கணக்குப் போடும் அதிகாரிக்கு 21-க்கும் 41-க்கும் உள்ள தூரம் சிறியதல்ல.

உளவியல் படிக்கும் மாணவருக்கு மாதிரியை, அதாவது ஆய்வுக்காகத் தேர்ந்தெடுத்த ஆட்களை, சந்தேகிக்கக் கற்றுத் தருகிறோம். எத்தனை பேர், எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள், பாதியில் விலகியவர்கள் யார் என்றெல்லாம் துளைத்தெடுக்கிறோம். மறுபக்கத்தில் இருக்கும் 'மக்கள்தொகை சராசரி' மட்டும் கேள்வியே இல்லாமல் உள்ளே வந்துவிடுகிறது. கடைக்காரர் அள்ளிப் போடும் அரிசியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எடைக்கல்லை ஒருமுறையும் திருப்பிப் பார்க்காத கதைதான். அந்தக் கல்லும் ஒரு காலத்தில் யாரோ சிலரை அளந்து செய்ததுதான். அதாவது அதுவும் ஒரு மாதிரி. உளவியலில் நடந்த சில பெரிய தவறுகள் இதை மறந்ததால் நடந்தவை.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம், எளிதானதுதான். ஐ.க்யூ. தேர்வுகளில் மக்களின் சராசரி 100, மதிப்பெண்கள் அந்தச் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கும் என்பதைச் சொல்லும் திட்ட விலக்கம் 15 என்று வைத்திருக்கிறார்கள். நீங்கள் 25 பேரைச் சோதித்து, சராசரி 104 வருகிறது என்று கொள்வோம். அந்த 4 புள்ளி உண்மையான வேறுபாடா, குருட்டாம்போக்கில் வந்ததா? 25 பேர் கொண்ட குழுக்களைத் திரும்பத் திரும்ப எடுத்தால் அவற்றின் சராசரிகள் எவ்வளவு ஊசலாடும் என்பதைச் சொல்வது திட்டப் பிழை. 15-ஐ 25-இன் வர்க்கமூலமான 5-ஆல் வகுத்தால் 3. உங்கள் வேறுபாடு 4. திட்டப் பிழையைப் போல் 1.33 மடங்கு. தற்செயல் அல்ல என்று ஏற்க வழக்கமாகக் கேட்கும் 1.96 மடங்கை எட்டவில்லை. 100 பேரைச் சோதித்து அதே 104 வந்தால் திட்டப் பிழை 1.5, மடங்கு 2.67. 900 பேர் என்றால் திட்டப் பிழை அரைப் புள்ளி, மடங்கு 8. கவனியுங்கள், வேறுபாடு மூன்று தடவையும் அதே 4 புள்ளிதான்; ஒரு திட்ட விலக்கத்தில் கால் பங்குக்குச் சற்று மேல். ஆள் கூடக் கூட அந்த வேறுபாட்டின் மீது நமக்குள்ள உறுதி மட்டுமே கூடுகிறது. '8 மடங்கு' என்பதைப் பார்த்துவிட்டு 'மிகப் பெரிய வேறுபாடு' என்று செய்தி எழுதுகிறவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

மக்களின் திட்ட விலக்கம் தெரியாதபோது மாதிரியிலிருந்தே அதை மதிப்பிட்டுக்கொள்ள வேண்டும். ஆள் குறைவாக இருந்தால் அந்த மதிப்பீடும் ஆட்டம் காணும். அதற்கு வழி சொன்னவர் உளவியலாளர் அல்லர்; டப்ளினில் கின்னஸ் மது ஆலையில் வேலை பார்த்த வில்லியம் கோசெட். ஊழியர்கள் சொந்தப் பெயரில் ஆய்வு வெளியிட நிறுவனம் அனுமதிக்காததால், 1908-இல் 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் கட்டுரை எழுதினார். இன்று எல்லாப் பாடநூலிலும் இருக்கும் 't' சோதனையின் தொடக்கம் அதுதான். அதில் 100 போன்ற ஒப்பீட்டு எண் ஒரு மாறிலி. அதற்குப் பிழை கிடையாது, ஆட்டம் கிடையாது, பிறந்த ஆண்டும் ஊரும் கிடையாது.

சில வேளைகளில் அது சரிதான். நான்கு விடைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தால் கால் பங்கு சரியாகும். இரண்டு திரைகளில் படம் எதன் பின்னால் என்று ஊகித்தால் பாதி சரியாகும். இங்கே ஒப்பீட்டு எண் சோதனையின் அமைப்பிலிருந்தே வருகிறது, யாரையும் அளந்து பெற வேண்டியதில்லை. (அந்த உறுதி இருந்தால் மட்டும் போதாது என்பதற்கும் சான்று உண்டு. 2011-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் டேரில் பெம், 100 மாணவர்கள் சில வகைப் படங்கள் வரப்போகும் இடத்தை 53.1 விழுக்காடு சரியாகச் சொன்னதாகவும், 50-ஐவிட இது அதிகம் என்பதால் வருங்காலத்தை உணரும் ஆற்றல் மனிதருக்கு இருப்பதாகவும் எழுதினார். அவர் கட்டுரையின் சோதனைகளைப் பிறர் திருப்பிச் செய்தபோது பெரும்பாலும் ஒன்றும் கிடைக்கவில்லை. அது வேறு கதை.) ஆனால் 'சாதாரண மனிதரின் மனச்சோர்வு அளவு', 'பத்து வயதுப் பிள்ளையின் நினைவாற்றல்' போன்ற ஒப்பீட்டு எண்கள் அப்படி வானத்திலிருந்து வருவதில்லை. ஆட்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, கேள்வி கேட்டு எடுத்தவை. ஆய்வாளர்கள் இவற்றை 'நார்ம்' என்பார்கள்.

அமெரிக்க உளவியலாளர் டேவிட் வெக்ஸ்லர் தயாரித்த சிறுவர் அறிவுத்திறன் தேர்வு 1949-இல் வந்தபோது 5 முதல் 15 வயது வரை ஒவ்வொரு வயதுக்கும் 200 பிள்ளைகள், மொத்தம் 2,200 பேரைக் கொண்டு நார்ம் எடுத்தார்கள். இன்றைய தரத்திலும் இது நல்ல எண்ணிக்கை. இருந்தாலும் 200 பேரின் சராசரிக்கும் திட்டப் பிழை உண்டு: 15-ஐ 200-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் சுமார் 1.06. இப்போது ஒருவர் 10,000 பத்து வயதுப் பிள்ளைகளைச் சோதித்து, சராசரி 101 என்று கண்டால்? அவருடைய மாதிரியின் திட்டப் பிழை வெறும் 0.15. நூறை மாறிலியாகக் கொண்டால் வேறுபாடு 6.7 மடங்கு, சந்தேகத்துக்கே இடமில்லை என்று கட்டுரை முழங்கும். நார்மின் ஆட்டத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் மொத்தத் திட்டப் பிழை 1.07 ஆகி, அதே வேறுபாடு 0.93 மடங்காகச் சுருங்கிவிடும். இத்தனைக்கும் எண்கள் பொய் சொல்லவில்லை. பத்தாயிரம் பேரைச் சோதித்த உழைப்பு முழுவதும், இருநூறு பேரைச் சோதித்த பழைய உழைப்பின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. நார்ம் தயாரிப்பவர்கள் பக்கத்து வயதுகளின் தரவையும் சேர்த்து வளைகோட்டைச் சீராக்குவதால் ஆட்டம் இதைவிடச் சற்றுக் குறையும், உண்மைதான். சுழி ஆகிவிடாது.

எண்ணிக்கையால் வரும் இந்தப் பிழையையாவது சூத்திரத்தில் அடக்கலாம். யாரைக் கூப்பிட்டார்கள் என்பதால் வரும் பிழைக்குச் சூத்திரமே இல்லை. 1949-இன் அந்த 2,200 பிள்ளைகளும் வெள்ளையர்கள். அமெரிக்காவின் கறுப்பினப் பிள்ளைகளுக்கும் அதே அட்டவணையை வைத்தே மதிப்பெண் போட்டார்கள். மற்ற இனப் பிள்ளைகளையும் சேர்த்து எடுத்த நார்ம் 1974-ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் வந்தது.

இதைவிட விசித்திரமான கதை ஒன்று உண்டு. 1917-இல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியதும், ராபர்ட் யெர்க்ஸ் தலைமையில் உளவியலாளர்கள் படைக்குச் சேர்ந்தவர்களுக்கு அறிவுத்திறன் தேர்வு வைத்தார்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு 'ஆல்ஃபா', தெரியாதவர்களுக்குப் படங்களால் ஆன 'பீட்டா'. சுமார் 17 லட்சம் பேர். அதுவரை உளவியல் கண்டிராத மாதிரி அது. போர் முடிந்து 1921-இல் பெரிய அறிக்கை வந்தது. அதிலிருந்து பத்திரிகைகள் எடுத்துக்கொண்ட ஒரே செய்தி: வெள்ளை இன அமெரிக்கப் படைவீரரின் சராசரி 'மன வயது' சுமார் 13.

மன வயது என்பது அன்றைய கணக்கு. பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் சராசரியாகச் செய்வதை நீங்களும் செய்தால் உங்கள் மன வயது 13. வளர்ந்த சாதாரண மனிதருக்கு அது 16 என்று ஸ்டான்ஃபோர்டின் லூயிஸ் டெர்மன் 1916-இல் நிர்ணயித்திருந்தார். பதினாறு எங்கே, பதின்மூன்று எங்கே! நாட்டின் அறிவு கெட்டுப்போய்விட்டது, மந்தமானவர்கள் பெருகிவிட்டார்கள், ஜனநாயகம் தாங்குமா என்று புலம்பல் எழுந்தது. இனவாத எழுத்தாளர் லோத்ரப் ஸ்டாடர்டு இதைப் பிடித்துக்கொண்டு, சராசரி அமெரிக்கரின் மன வயது 14-தான் என்று எழுதினார்.

அந்தப் பதினாறு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். டெர்மன் தன் தேர்வின் சிறுவர் பகுதிக்குக் கலிஃபோர்னியாவில் சுமார் 1,000 பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்தார். பெரியவர்களுக்கான சராசரியைச் சொல்ல அவர் கையில் இருந்தது 62 பேரின் தரவு. அதில் 30 பேர் பெரிய படிப்பு இல்லாமலே ஓரளவு முன்னேறிய வணிகர்கள். 32 பேர் பதினாறு வயதைத் தாண்டிய உயர்நிலைப் பள்ளி மாணவர்கள். உயர்நிலைப் பள்ளியை முடிப்பவர்களே சிறுபான்மையாக இருந்த காலம் அது. இவ்வளவுதான் 'சராசரி அமெரிக்கர்'. 17 லட்சம் பேரின் சராசரி, இந்த 62 பேரின் சராசரியோடு ஒத்துப்போகாதபோது, தவறு 17 லட்சம் பேரிடம் இருக்கிறது என்று தீர்ப்பு எழுதினார்கள்!

இதை முதலில் உரக்கச் சொன்னவர் உளவியலாளர் அல்லர். வால்டர் லிப்மன் என்ற பத்திரிகையாளர். 1922-இன் இறுதியில் 'நியூ ரிபப்ளிக்' இதழில் வரிசையாகக் கட்டுரைகள் எழுதினார். அவருடைய வாதத்தின் சாரம் ஒரு பள்ளிப் பிள்ளைக்கும் புரியும்: சராசரி மனிதரின் அறிவு, சராசரி மனிதரின் அறிவைவிடக் குறைவாக இருக்க முடியாது. இவ்வளவு பெரிய மாதிரி கிடைத்த பிறகு, பதினாறு என்ற பழைய எண்ணைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிய எண்ணை வைத்துக்கொள்வதே அறிவியல். டெர்மன் அதே இதழில் பதில் எழுதினார். கிண்டல் நிறைய, பதில் குறைவு. லிப்மன் சொன்ன எல்லாமே சரி என்று நான் சொல்ல மாட்டேன், அந்தத் தேர்வுகளால் ஒரு பயனும் இல்லை என்ற தொனி அவரிடம் இருந்தது. ஆனால் இந்த ஒரு புள்ளியில் அவர் வைத்த குறி தப்பவில்லை. ஸ்டான்ஃபோர்டு தேர்வின் 1937 திருத்தம் பெரியவர்களுக்கான வயதை 15-ஆகக் குறைத்துக்கொண்டது. 1939-இல் டேவிட் வெக்ஸ்லர் மன வயது என்ற கணக்கையே விட்டுவிட்டு, ஒருவரை அவர் வயதுக்காரர்களின் சராசரியோடு ஒப்பிடும் முறையைக் கொண்டுவந்தார். இன்று நாம் ஐ.க்யூ. என்பது அதைத்தான்.

இடைப்பட்ட காலத்தில் நடந்தது நடந்துவிட்டது. படைத் தேர்வுகளின் தரவை வைத்து, தெற்கு, கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வருகிறவர்கள் அறிவில் தாழ்ந்தவர்கள் என்று உளவியலாளர் கார்ல் பிரிகம் 1923-இல் எழுதினார். 1924-இல் குடியேற்றத்தைக் கடுமையாகக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்துக்கு உளவியலாளர்களின் எண்கள் எவ்வளவு காரணம் என்பதில் வரலாற்றாளர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. எண்கள் இல்லாமலும் அது நிறைவேறியிருக்கும் என்பவர்களும் உண்டு. பிரிகம் 1930-இல் தன் முடிவுகளுக்கு அடிப்படை இல்லை என்று தானே எழுதித் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

அறிவுத்திறனில் மட்டும் நடந்ததல்ல இது. ஆளுமையையும் மனநலத்தையும் அளக்க உலகெங்கும் பயன்பட்ட எம்.எம்.பி.ஐ. வினாத்தாள் 1940-களின் தொடக்கத்தில் மின்னசோட்டா பல்கலைக்கழக மருத்துவமனையில் உருவானது. 'நோயில்லாத சாதாரண மனிதர்கள்' யார் என்ற கேள்விக்கு அதை உருவாக்கிய ஹாத்தவேயும் மக்கின்லியும் கண்ட வழி நடைமுறைக்கு ஏற்றது: நோயாளிகளைப் பார்க்க வந்திருந்தவர்களையே உட்காரவைத்து நிரப்பச் சொன்னார்கள். 724 பேர். சராசரியாக 35 வயது, திருமணமானவர், சிற்றூரிலோ கிராமத்திலோ வாழ்பவர், எட்டு ஆண்டுப் பள்ளிப்படிப்பு, கைத்தொழிலோ அதையொத்த வேலையோ. ஏறத்தாழ நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு, நியூயார்க் நகரத்துக் கல்லூரி மாணவி முதல் வேலைக்கு விண்ணப்பித்த காவலர் வரை எல்லோருடைய மனநலத்தையும் இந்த மின்னசோட்டாக்காரர்களோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். 1989-இல் வந்த திருத்தப் பதிப்புக்கு நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் 2,600 பேரைச் சேர்த்தார்கள். நலமாக இருந்தவர்களே பழைய நார்மின்படி பல பிரிவுகளில் சராசரிக்குச் சற்று மேலே, அதாவது நோயின் பக்கம், சாய்ந்திருந்தது அப்போது தெளிவானது.

ஆட்களைச் சரியாகவே தேர்ந்தெடுத்தாலும் காலம் ஓடுகிறது. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் அரசியல் கற்பித்த ஜேம்ஸ் ஃபிளின், தேர்வு வெளியீட்டாளர்களின் கையேடுகளில் ஒரு வினோதத்தைக் கவனித்தார். புதிய பதிப்பு வரும்போது அதே ஆட்களுக்குப் பழையதையும் புதியதையும் வைத்து ஒத்துப்பார்ப்பது வழக்கம். எப்போதும் பழைய தேர்வில்தான் கூடுதல் மதிப்பெண் வந்தது. 73 ஆய்வுகளை, ஏறத்தாழ 7,500 பேரின் தரவைச் சேர்த்து 1984-இல் அவர் காட்டியது: 1932-க்கும் 1978-க்கும் இடையில் அமெரிக்கர்களின் சராசரி 13.8 புள்ளி ஏறியிருக்கிறது. ஆண்டுக்குச் சுமார் 0.3. பல நாடுகளிலும் இதே போக்கு. நெதர்லாந்துப் படைக்குத் தேர்வான இளைஞர்களிடம் முப்பது ஆண்டில் 20 புள்ளி. பள்ளிப்படிப்பு, உணவு, சிறிய குடும்பம், படங்களோடும் குறியீடுகளோடும் பழகிய வாழ்க்கை என்று காரணம் பலவாறு சொல்கிறார்கள். நார்வேயில் 1970-களின் நடுப்பகுதிக்குப் பிறகு பிறந்தவர்களிடம் கோடு கீழ்நோக்கித் திரும்பிவிட்டது. ஏறினாலும் இறங்கினாலும், நார்ம் எடுத்த நாளிலேயே உறைந்து நின்றுவிடுகிறது, மக்கள் நிற்பதில்லை.

இதனால் ஆய்வில் என்ன ஆகும்? ஒரு பயிற்சித் திட்டம் பிள்ளைகளின் அறிவுத்திறனை உயர்த்துகிறதா என்று பார்க்கிறீர்கள். ஒப்பீட்டுக் குழு வைக்கப் பணமில்லை. பயிற்சி முடிந்த பிள்ளைகளின் சராசரி 106. மக்கள்தொகை சராசரி 100. வேறுபாடு புள்ளியியல்படி உறுதி. ஆனால் பயன்படுத்திய தேர்வு இருபது ஆண்டு பழையது என்றால், ஆண்டுக்கு 0.3 வீதம் அந்த 6 புள்ளியும் எந்தப் பயிற்சியும் இல்லாமலே வந்திருக்கும். மாறாக, ஈய நஞ்சோ ஊட்டக்குறைவோ பிள்ளைகளைப் பாதிக்கிறதா என்று பார்க்கும் ஆய்வில் சராசரி 100 வந்தால் 'பாதிப்பில்லை' என்று எழுதிவிடுவார்கள். உண்மையில் 6 புள்ளி தொலைந்திருக்கும். ஒரே பழைய கோடு ஓரிடத்தில் இல்லாத நன்மையைக் காட்டுகிறது, இன்னோரிடத்தில் இருக்கும் தீமையை மறைக்கிறது.

1987-இல் மேற்கு வர்ஜீனியாவில் ஜான் கேனல் என்ற மருத்துவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. எழுத்தறிவில் பின்தங்கிய தன் மாநிலப் பள்ளிகள் தேசியச் சராசரியைவிட மேலே இருப்பதாக அறிவித்திருந்தார்கள். மற்ற மாநிலங்களுக்கும் கேட்டு விசாரித்தார். தொடக்கப் பள்ளித் தேர்வுகளில் ஐம்பது மாநிலங்களுமே தேசியச் சராசரிக்கு மேலே! தேசியச் சராசரி என்பது சில ஆண்டுகளுக்கு முந்தைய நார்ம் குழுவின் சராசரி. அதே வினாத்தாள் ஆண்டுதோறும் வந்ததால் ஆசிரியர்களுக்கு அது மனப்பாடம். நார்ம் எடுக்கும்போது பிள்ளைகள் ஏனோதானோ என்று எழுதியிருப்பார்கள், மாவட்டத்தின் மானம் போகும் தேர்வில் அப்படி எழுத மாட்டார்கள். பின்னர் கல்வி அளவீட்டு ஆய்வாளர்கள் சரிபார்த்தபோது, கேனல் சொன்னது பெரும்பாலும் சரியாகவே இருந்தது. தொழில் வல்லுநர்கள் கண்ணில் படாதது ஒரு மருத்துவர் கண்ணில் பட்டதற்குக் காரணம், அவருக்கு அந்த எண்களால் ஆதாயம் எதுவும் இல்லாததுதான் என்று நினைக்கிறேன்.

இடமும் அப்படியே. 2010-இல் ஜோசஃப் ஹென்ரிக்கும் அவருடைய சக ஆய்வாளர்கள் இருவரும் எடுத்துக்காட்டியபடி, உளவியல் ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் 96 விழுக்காட்டினர், உலக மக்களில் 12 விழுக்காட்டினரே வாழும் நாடுகளைச் சேர்ந்தவர்கள். கண்ணின் அடிப்படைப் பழக்கம் என்று நினைத்ததுகூட ஊருக்கு ஊர் மாறுகிறது. நுனியில் அம்புமுனை வரைந்த இரண்டு சம நீளக் கோடுகளில் ஒன்று நீளமாகத் தெரியும் மாயத்தோற்றத்தை 1960-களில் பல சமூகங்களில் சோதித்தார்கள். அதற்கு அதிகமாக ஏமாந்தவர்கள் அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள். கலஹாரிப் பாலைவனத்தின் சான் மக்களுக்கு அது ஏறக்குறைய வேலையே செய்யவில்லை. 'மனிதக் கண்' என்று பாடநூலில் இருந்த எண், மனிதர்களின் வரிசையில் ஒரு கடைக்கோடியில் நின்றவர்களுடையது.

இதுவரை சொன்னது குழுக்களைப் பற்றி. ஒரு தனி மனிதரை நார்மோடு ஒப்பிடும்போது கணக்கு வேறு. அங்கே ஆள் எண்ணிக்கையைக் கூட்டிப் பிழையைக் குறைக்க முடியாது, இருப்பவர் ஒருவர். அதே நபர் வேறொரு நாள் எழுதினால் எவ்வளவு மாறும் என்ற அளவீட்டுப் பிழையே முக்கியம். நல்ல தேர்விலும் அது ஏறத்தாழ 5 புள்ளி இந்தப் பக்கம், 5 புள்ளி அந்தப் பக்கம். அமெரிக்காவில் அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கு மரண தண்டனை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2002-இல் தீர்ப்பளித்தது. ஃபுளோரிடா மாநிலம் 70 என்று கோடு போட்டு, அதற்கு ஒரு புள்ளி மேலே இருந்தாலும் மேற்கொண்டு சான்று எதையும் பார்க்க மறுத்தது. 71 வாங்கிய ஒரு கைதியின் வழக்கில், அளவீட்டுப் பிழையைக் கணக்கில் கொள்ளாத இந்தக் கோடு செல்லாது என்று 2014-இல் நீதிமன்றம் சொன்னது. தேர்வின் நார்ம் எந்த ஆண்டுடையது, ஃபிளின் சொன்ன 0.3-ஐக் கழிக்க வேண்டுமா என்று அங்கே வழக்கறிஞர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். ஓர் எண்ணின் பிறந்த ஆண்டைப் பொறுத்து ஓர் உயிர் நிற்கிறது.

நம் நாட்டில் அதே 70-ஐச் சுற்றி உயிர் ஊசலாடுவதில்லை. மாற்றுத்திறனாளி சான்றிதழ், உதவித்தொகை, தேர்வில் கூடுதல் நேரம் போன்றவை ஊசலாடுகின்றன. இந்திய மருத்துவமனைகளில் நீண்ட காலமாகப் புழங்கிவரும் பினே–காமத் தேர்வு, வி. வி. காமத் 1930-களில் தார்வாடில் கன்னட, மராத்திப் பிள்ளைகளைக் கொண்டு தொடங்கியது. வெக்ஸ்லரின் சிறுவர் தேர்வை ஆர்தர் மாலின் நாக்பூரில் இந்தியப் பிள்ளைகளுக்காகத் திருத்தி அமைத்தது 1969-இல். அந்தக் காலத்தில் இவை அரிய பணிகள். வெளிநாட்டு அட்டவணையை அப்படியே ஒட்டாமல் இங்குள்ள பிள்ளைகளைச் சோதித்தார்களே. குறை அவர்களிடம் இல்லை, அந்த அட்டவணைகளை இவ்வளவு காலம் ஓட்டிக்கொண்டிருந்ததில் இருக்கிறது.

சென்னையில் மழலையர் பள்ளி முதலே படங்களையும் புதிர்களையும் பார்த்து வளர்ந்த ஒரு பிள்ளையை அரை நூற்றாண்டு பழைய நார்மோடு ஒப்பிட்டால் மதிப்பெண் ஏறிவிடும். உண்மையில் உதவி தேவைப்படும் பிள்ளைக்கு 76 வந்து, 'எல்லைக்கோட்டில் இருக்கிறான், சான்றிதழ் தர முடியாது' என்று திருப்பி அனுப்பப்படலாம். அதே வேளையில், வீட்டில் வேறு மொழி பேசுகிற, பள்ளிக்கு விட்டுவிட்டுப் போகிற மலைக்கிராமத்துப் பிள்ளையை அதே நார்மோடு ஒப்பிட்டால் மதிப்பெண் இறங்கும். திறமை இருந்தும் குறைபாடு என்ற முத்திரை விழலாம். மாநிலச் சராசரி எடுத்தால் இந்த ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று கழித்து, 'நார்ம் சரியாகத்தான் இருக்கிறது' என்றுகூடத் தோன்றும். இரண்டு பிள்ளைகளுக்கும் அதனால் பயனில்லை.

புதிய வெக்ஸ்லர் தேர்வுகளுக்கு இந்திய நார்ம்கள் வந்திருக்கின்றன. விலையும் பயிற்சிச் செலவும் அதிகம். மருத்துவமனையில் வரிசையில் நிற்கும் பெற்றோருக்காக உளவியலாளர் செய்யக்கூடியது சில உண்டு. அறிக்கையில் தேர்வின் பெயரோடு பதிப்பையும் நார்ம் ஆண்டையும் எழுதலாம். 72 என்று ஒற்றை எண்ணாக எழுதாமல் 67 முதல் 77 வரை என்று எழுதலாம். பிள்ளை தானாக உடுத்துகிறதா, கடைக்குப் போய்ச் சில்லறை வாங்கி வருகிறதா என்ற அன்றாடத் திறனை அதே கவனத்தோடு பதியலாம். நல்ல உளவியலாளர்கள் இதைச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

ஆய்வேடு எழுதுகிறவர்களுக்கு இன்னும் நேரான வழி இருக்கிறது: அதே பள்ளி, அதே மாதம், அதே தேர்வாளர், பாதிப்பில்லாத இன்னொரு குழு. செலவு இரட்டிப்பாகும் என்பதால் நெறியாளரும் மாணவரும் சேர்ந்து இதைத் தவிர்க்கிறார்கள். நூறு பேரைச் சோதிக்கத்தான் நேரமிருக்கிறது என்றால், நூறு பேரையும் ஒரே குழுவாக்கி அட்டவணையின் 100-ஓடு ஒப்பிடுவதைவிட, ஐம்பது ஐம்பதாகப் பிரித்து ஒன்றோடொன்று ஒப்பிடுவதே மேல் என்பது என் கருத்து. கணக்குப்படி இதில் திட்டப் பிழை 1.5-லிருந்து 3 ஆகிவிடும்; முடிவு மங்கலாகும், 'உறுதி' என்று எழுத முடியாமல் போகலாம். ஆனாலும் அந்த 3 புள்ளி ஆட்டம் வெளியே தெரியும் ஆட்டம், அறிக்கையில் எழுதிவிடலாம். அட்டவணையின் 100 எத்தனை புள்ளி நகர்ந்திருக்கிறது என்பதை எந்த அறிக்கையிலும் எழுத முடியாது.